கடை மூடும் முன் ஜெசிந்தா எழுதிய கடிதம்

காலை ஒன்பதரை மணி இருக்கும். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தோம். ஆரஞ்சு நிற டீ-ஷர்ட்டும் கறுப்புத் தொப்பியுமாக ஒன்பது பேர் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்றோம். தினமும் அந்த நேரத்தில் மேனேஜர் ஜெசிந்தா எங்கள் நகங்களைப் பார்ப்பார், ஷூவைப் பார்ப்பார், அன்றைக்கு என்ன ஆஃபர் என்று சொல்வார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அன்றைக்கு அவர் நகத்தைப் பார்க்கவில்லை.

"யாரும் நிக்க வேண்டாம். கஸ்டமர் சேர்ல உட்காருங்க" என்றார்.

யூனிஃபார்மோடு அந்த நாற்காலிகளில் நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்பது கம்பெனி விதி. சிக்கன் பொரிக்கும் செந்தில் என் காதருகே, "அக்கா, சோலி முடிஞ்சுதுங்க" என்றான். உட்காரச் சொன்னதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம கடையை மூடறாங்க. ஹெட் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. இன்னையிலிருந்து மூணு வாரம்தான்."

உள்ளே எண்ணெய்ச் சட்டி சூடாகும் 'உம்' சத்தம் மட்டும் கேட்டது. செந்தில் கேட்டான்: "முன்னால மூடுன நாமக்கல் கடை மாதிரிங்களா மேடம்?"

"ஆமா. இதையும் மூடறாங்க." ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தார். "அழணும்னு இருக்கறவங்க அழுதுக்கலாம். ஆனா பத்து மணிக்குக் கடை திறக்கணும்."

யாரும் அழவில்லை. நான் எழுந்துபோய் மாப்பை எடுத்தேன்.

ரிக் முதலாளியின் ஆசை

எங்கள் கடை சேலத்திலிருந்து ஓமலூர் போகும் ரோட்டில், ஒரு பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் டேபிள் துடைத்துக்கொண்டே ஏற்காட்டு மலையைப் பார்க்கலாம்.

பெயர் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. இடம், ஏசி, ஆட்கள், தலைவலி எல்லாம் எங்கள் முதலாளி பெரியசாமியுடையது. ஃப்ரான்சைஸ் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். அவருக்குத் திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வண்டிகளை வைத்து வடக்கே பல மாநிலங்களில் பூமியைத் துளைத்தவர். அப்படி ஒருமுறை ஹைதராபாத் போனபோது, இதே பெயருள்ள கடையில் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். நம்ம பக்கம் ஜனம் இதுக்கு ஏன் ஹைதராபாத் போகணும் என்று தோன்றியதாம்.

சேலம் மாலில் ஒன்று, நாமக்கல்லில் ஒன்று, எங்களுடையது ஒன்று என்று மூன்று கடைகள் திறந்தார். பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லோரையும் 'சாமி' என்பார். ஒருநாள் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அங்க பாரு சாமி. நாமக்கல் கோழி வண்டி நம்ம வாசல் வழியாவே போகுது. நமக்கு மட்டும் எங்கிருந்தோ ஐஸுக்குள்ள வெச்சுக் கொண்டாந்து போடறானுங்க. எந்த ஊரு நாயம் இது?"

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

ஒரு கட்டத்தில் போட்ட டிக்

விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றிய வருடங்களைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். அந்தப் பட்டறை நின்றுபோனபோது எனக்கு நாற்பதுக்கு இரண்டு குறைவு. மகள் நர்சிங் சேர்ந்திருந்தாள். கணவர் ஸ்கூல் வேன் ஓட்டினார். பஸ்ஸில் போகும்போது அந்தக் கண்ணாடியில் 'ஆட்கள் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து இறங்கிவிட்டேன்.

அப்போதிருந்த பழைய மேனேஜர் ஒரு ஃபாரம் கொடுத்தார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பத்தாவது எழுதினேன், கணக்கில் தவறிவிட்டேன், மறுபடி எழுதவில்லை. பேனா அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு டிக் போட்டேன். சர்டிஃபிகேட் எங்கே என்று கேட்டபோது, ஓட்டு வீட்டில் மழை ஒழுகி நனைந்துபோயிற்று, வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஒரு டிக்தான். ஆனால் யாராவது ஃபைலைக் கையில் எடுத்தாலே நான் மாப்பை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

விசாலாட்சி என்ற என் பெயர் பேட்ஜில் அடங்காததால் 'விசா' என்று அடித்துக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் எங்கே என்று காலேஜ் பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

ஃப்ரீசர் நின்ற ஞாயிறு

அடுத்த வருடம் ஜெசிந்தா வந்தார். வயது இருபத்தாறு. என்னைவிடப் பதிமூன்று வயது இளையவர், எனக்கு மேனேஜர். அம்மாபேட்டைப் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலை ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு, கட்டிய சேலையோடு நேராகக் கடைக்கு வந்து, யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு எட்டு மணிக்கு நிற்பார். எங்களை அதட்டிப் பேசமாட்டார். அதற்குப் பதிலாகத் தானே குனிந்து செய்து காட்டுவார். முதல் வாரத்திலேயே கிரீஸ் அடைத்த சாக்கடைக் குழாயை முழங்கை வரை கைவிட்டுச் சுத்தம் செய்தவர் அவர். அதன்பிறகு எங்களில் யாரும் எந்த வேலைக்கும் முகம் சுளிக்க முடியவில்லை.

பொரித்த சிக்கனுக்கு எங்கள் கடையில் ஆயுசு உண்டு. பொரித்த நேரத்தைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். அந்த நேரம் தாண்டினால் குப்பைக்குத்தான். பார்க்க நன்றாக இருக்கும், வாசனையும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் எனக்குக் கொட்டவே மனசு வராது. போகப் போகப் பழகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை நான் முதலில் வந்து ஃப்ரீசரைத் திறந்தேன். லைட் எரிந்தது, ஃபேன் ஓடியது. ஆனால் அடியில் இருந்த பெட்டிகளைத் தொட்டபோது ஏதோ சரியில்லை. பெட்டியின் அட்டை நனைந்து காய்ந்த மாதிரி மொறமொறவென்று இருந்தது. நள்ளிரவில் எப்போதோ கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காமல், கறி உருகி மறுபடி உறைந்திருக்கிறது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு மூன்று பிறந்தநாள் பார்ட்டி வேறு.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவர் ஒரு பெட்டியைப் பிரித்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்லவேளை நீங்க தொட்டுப் பார்த்தீங்கக்கா" என்றார். அவ்வளவுதான். மொத்தப் பெட்டியையும் வெளியே எடுக்கச் சொன்னார். மூன்று வீட்டுக்கும் அவரே போன் போட்டு, நடந்ததை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஒரு வீட்டார் கண்டபடி திட்டினார்கள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டார்.

கூட்டம் கரைந்த விதம்

திறந்த புதிதில் வரிசை பெட்ரோல் பங்கு வரைக்கும் நிற்கும். மேச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் ஆட்டோ பிடித்து வந்து, "சோறு இருக்குதுங்களா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. இல்லை என்றதும் அந்த வீட்டம்மா, "பரவால்லீங்க, என்ன இருக்குதோ அதக் குடுங்க, இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்றார்.

பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. இன்ன நாள் என்று சொல்ல முடியாது. அதே ரோட்டில் கிரில் சிக்கன் கடைகள் வந்தன, ஷவர்மா வந்தது. பள்ளிபாளையம் சிக்கனை வாழையிலையில் வைத்துக் கொடுக்கும் கடையில் இப்போது கார் நிறுத்த இடமில்லை. மற்றவர்கள் போனிலேயே ஆர்டர் போட்டார்கள். ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிட பார்சலுக்கு நிற்கும் டெலிவரிக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள். யாரும் உட்காராத அறுபது நாற்காலிகளுக்கு ஏசி ஓடியது. நாங்களே வேலை முடிந்து வெளியே வந்தால், தள்ளுவண்டியில், தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்துத் தரும் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். பிறகு யாரைக் குறை சொல்ல?

மால் கடை முதலில் போனது. அடுத்தது நாமக்கல். அதைக் காலி செய்யும்போது உதவிக்கு ஜெசிந்தா என்னையும் கூட்டிப்போனார். அங்கே வேலை செய்த பெண்கள் யூனிஃபார்மை மடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு நாள் முன்னால்தான் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ராசிபுரம் தாண்டியதும் ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். பிறகு, "நம்ம கடைக்கு இப்படி நடக்க விடமாட்டேன்க்கா" என்றார். கடை மூடாது என்று சொல்கிறார் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

பலூன் ரூமில் இன்டர்வியூ

அவர் சொன்னது வேறு என்பது அந்த மூன்று வாரத்தில்தான் புரிந்தது.

மெயில் வந்த மறுநாளே பிறந்தநாள் பார்ட்டி ரூமைத் திறந்துவைத்தார். மதியம் மூன்று மணிக்கு மேல் கடை காற்று வாங்கும். அந்த நேரத்தில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, லேப்டாப்பில் பயோடேட்டா அடித்தார். சுவர் முழுக்கப் பலூனும் கோமாளியும் வரைந்த அந்த ரூமில், டேபிளுக்கு அந்தப் பக்கம் விறைப்பாக உட்கார்ந்து, ஹோட்டல் அதிகாரி மாதிரி கேள்வி கேட்பார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

செந்தில் எழுந்து நின்று, "சிக்கன் பொரிப்பேனுங்க" என்றான்.

"அவ்வளவுதானா?"

"பர்கரும் பண்ணுவேனுங்க."

"செந்தில், நீ ஒரே நேரத்துல நாலு எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கற. நாலு வருஷத்துல ஒருத்தருக்குக்கூடக் கை சுட விட்டதில்ல. அதச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். தான் அப்படி ஒரு காரியம் செய்திருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. பத்தாம் நாள் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் அவனுக்கு வேலை கிடைத்தது.

கடை மூடப்போகிறது என்று தெரிந்ததும் கூட்டமும் வந்தது. கடைசியாக ஒருமுறை என்று வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் மாலை பெரியசாமி கிச்சனுக்குள் வந்து, நேரம் தாண்டிய ஒரு டிரேயைக் குப்பையில் கொட்டப்போன என்னைத் தடுத்தார்.

"இன்னும் அஞ்சே நாளு. எந்த ஆபீசரு வந்து பாக்கப் போறான் சாமி? சூடாத்தானே இருக்குது."

ஜெசிந்தா வந்து டிரேயை என் கையிலிருந்து வாங்கினார். "போர்டு மேல இருக்கற வரைக்கும் இது கடைதாங்க சார்" என்று சொல்லி, அவரே கொட்டினார். பெரியசாமி கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர், "நான் ஒரு கிறுக்கன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

என் முறை

எட்டாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்துக்கு ஆள் எடுப்பதாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நோயாளிகளுக்கு உணவு போகும் இடம் என்பதால், இப்போது வேலை செய்யும் இடத்து மேனேஜரிடமிருந்து ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள்.

"அக்கா, பத்தாவது எந்த வருஷம் பாஸ் பண்ணீங்க? ஃபைல்ல வருஷம் இல்ல."

நான் கோமாளிப் படத்தைப் பார்த்தேன். தோராயமாக ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"நான் பாஸ் பண்ணலீங்க மேடம்."

அவர் தட்டச்சு செய்த விரல் அப்படியே நின்றது. முழுவதையும் சொன்னேன். டிக் போட்டது, மழை ஒழுகியதாகச் சொன்ன பொய், எல்லாம். அவர் லேப்டாப்பை மூடினார். எழுந்துபோய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த காபி மெஷினைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். "இத்தன வருஷம் இல்லாம இப்ப ஏன் சொன்ன?" என்றார்.

மறுநாள் காலை ஜெசிந்தா ஒரு தாளோடு வந்தார். ஆங்கிலத்தில் அடித்திருந்ததை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அது ஏறக்குறைய இப்படி இருந்தது:

'விசாலாட்சி பத்தாம் வகுப்பில் தேறவில்லை. வேலைக்குச் சேரும்போது தேறியதாகச் சொன்னது தவறு. நான் கண்டுபிடிக்கவில்லை, அவரே என்னிடம் சொன்னார். ஒரு ஞாயிறு எங்கள் ஃப்ரீசர் நின்று கறி கெட்டது. வெளியே பார்த்தால் தெரியாது. தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, மறைக்காமல் சொன்னவர் இவர். அன்று இவரால் எத்தனையோ குழந்தைகளுக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. நோயாளிகளின் சாப்பாட்டை என் பொறுப்பில் கொடுத்தால், நான் முதலில் இவரைத்தான் கூப்பிடுவேன்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பயமும் வந்தது.

"மேடம், அந்த முதல் வரிய மட்டும் எடுத்துடுங்க மேடம். கும்பிட்டுக் கேக்கறேன்."

"எடுத்துட்டா, மீதி வரியை யாருக்கா நம்புவாங்க?"

கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து என் கையில் கொடுத்தார்.

மூன்று மணி

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கினோம். அதற்கு முன்பே கிரேன் வந்து போர்டைக் கழற்றிவிட்டது. பெரியசாமி எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். "மூணு கடையும் போச்சு. ஆனா நாலு வருஷம் இந்தப் புள்ள கடை நடத்துன மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல" என்று ஜெசிந்தாவைக் காட்டினார்.

மற்ற எட்டுப் பேருக்கும் வேலை உறுதியாகியிருந்தது. பேக்கரி, காலேஜ் ஹாஸ்டல், ஓமலூரில் ஒரு கல்யாண மண்டபம் என்று ஆளுக்கு ஓர் இடம். எனக்கு மறுநாள் இன்டர்வியூ.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது செந்தில்தான் சொன்னான். "அக்கா, மேடத்துக்குக் கோயமுத்தூர் கடையில பெரிய மேனேஜர் வேலை குடுத்திருந்தாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே வந்து சேரணும்னாங்களாம். இங்க முடிச்சுட்டுத்தான் வாரேன்னு இவங்க சொல்லிட்டாங்க. அவங்க வேற ஆளப் போட்டுக்கிட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

கவருக்குள் இருந்தது

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் உணவுப் பிரிவின் தலைமை அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், கண்டிப்பான அம்மா. கவரைப் பிரித்து வாசித்தார். முதல் வரியிலேயே புருவம் ஏறியது. நான் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வரை வாசித்தார், திரும்பவும் மேலிருந்து வாசித்தார்.

"ஃப்ரீசர் நின்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அட்டை மொறமொறவென்று இருந்ததைச் சொன்னேன். எதைத் தொட்டேன், எப்படித் தொட்டேன் என்று கையாலும் காட்டினேன். பலூன் ரூமில் பழகியது எதுவும் ஞாபகம் வரவில்லை, நடந்தது மட்டும்தான் வந்தது.

"திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார். நான் எழுந்தபோது, "ஒரு நிமிஷம்" என்று நிறுத்தினார். "இந்த லெட்டர் எழுதினவங்க இப்ப எங்க வேலை பார்க்கறாங்க?"

"எங்கயும் இல்லீங்க. எங்க எல்லாருக்கும் வேலை தேடிக் குடுத்துட்டு அவங்க சும்மா இருக்காங்க."

அந்த அம்மா பேனாவை என் பக்கம் தள்ளினார். "நம்பர் எழுதுங்க. எனக்குச் சூப்பர்வைசர் வேணும்."

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஆனால் அந்தப் பத்து எண்களையும் அச்சடித்த மாதிரி எழுதினேன்.

நான் சேர்ந்து இரண்டாவது வாரம், காலை ஆறரை மணிக்கு, இட்லிப் பானைகளின் ஆவி நிறைந்த அந்தச் சமையல்கூட வாசலில் ஜெசிந்தா வந்து நின்றார். புது யூனிஃபார்ம், இன்னும் மடிப்புக் கலையவில்லை. எப்போதும் வேகமாக நடப்பவர், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே தயங்கினார்.

"அக்கா, இங்க நீங்கதான் எனக்கு சீனியர். என்ன பண்ணணும் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, சுவரில் இருந்த பெட்டியைக் காட்டினேன்.

"மொதல்ல தலைக்கு வலை போடுங்க மேடம். அப்புறம் உள்ள வாங்க."